வேலிக்கருவைக் கரியில் ஸ்டேக்கும் இறாலும்

கரி பற்றி முதல் புகை எழும்பியதும், பின்கட்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்த அப்பா தலையைத் தூக்கினார்.

“ஏம்மா, இது நம்ம ஊர் வேலிக்கருவைக் கரி வாசம்லா?”

ஹூஸ்டனுக்குத் தெற்கே பேர்லாந்தில் இருக்கிறது எங்கள் வீடு. ஆறு வருடமாக இதே கரியைத்தான் வாங்குகிறேன். மூட்டையில் மெஸ்கீட் என்று போட்டிருக்கும். டெக்சாஸ்காரர்கள் ஸ்டேக், அதாவது கனமாக வெட்டிய மாட்டிறைச்சித் துண்டு சுட இதைத்தான் சொல்வார்கள் என்று வாங்கினேனே தவிர, அது எந்த மரம் என்று ஒருநாளும் யோசித்ததில்லை. அப்பா கேட்டதும் ஃபோனில் தேடிப் பார்த்தேன். சொன்னது சரிதான். வேலிக்கருவை என்று நாம் சொல்லும் சீமைக்கருவேலமும் இங்கே மேய்ச்சல் நிலமெல்லாம் பரவிக் கிடக்கும் மெஸ்கீட்டும் ஒரே பேரினம், அக்கா தங்கை மாதிரி. இங்கே மாட்டுப் பண்ணைக்காரர்களும் புல்லை வளரவிடாமல் தண்ணீரை உறிஞ்சுகிறது என்று அதைத் திட்டிக்கொண்டே வெட்டுகிறார்கள். நம் பக்கம் 2017-இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையே அதை வேரோடு எடுக்கச் சொல்லி உத்தரவு போட்டது. ஆனால் ராமநாதபுரம், தூத்துக்குடிப் பக்கத்தில் கரிமூட்டம் போட்டு அதிலேயே பிழைத்த குடும்பங்கள் எத்தனையோ. நிலத்துக்கு ஆகாத அந்த மரம் நெருப்புக்கு வந்துவிட்டால் அதற்கு ஈடே இல்லை. சூடு அப்படி.

அப்பாவுக்கு அன்று 72 முடிந்தது. அம்மா போன பிறகு அவர் தனியாக வந்த முதல் பயணம். என்ன வேண்டும் என்று கேட்டதற்கு, “நீ அந்த இரும்புச் சட்டியில மூடி போட்டுச் சுடுவியே, அதைச் செய்” என்றார். வீடியோவில் பார்த்திருக்கிறார். எங்கள் வெபர் கெட்டிலைத்தான் சொன்னார். 1952-இல் சிகாகோ பக்கம் ஜார்ஜ் ஸ்டீபன் என்பவர், தான் வேலை பார்த்த பட்டறையில் கடல் மிதவை செய்ய வைத்திருந்த இரும்புக் கோளத்தைப் பாதியாக்கி இந்த அடுப்பைச் செய்தார் என்று சொன்னேன். துறைமுகத்தில் முப்பது வருடம் மீன் ஏலக் கணக்கு எழுதிய மனிதருக்கு, மிதவையில் சமைக்கிறோம் என்பது ரொம்பவே பிடித்துப்போனது.

இறைச்சியை வியாழக்கிழமையே வாங்கிவிட்டேன். ரிப்-ஐ என்கிற மாட்டு விலாப் பக்கத்து இறைச்சியில் இரண்டு துண்டுகள், ஒவ்வொன்றும் ஒன்றரை அங்குலக் கனம். இதற்குக் குறைந்த கனத்தில் வாங்கவே வாங்காதீர்கள். மெல்லிய துண்டில் மேலே சிவப்பதற்குள் உள்ளே முற்றிவிடும். சதைக்குள் வெள்ளை இழையாகக் கொழுப்பு ஓடுகிறதா என்று பார்த்து எடுக்க வேண்டும். வெள்ளி ராத்திரி கல் உப்பைப் பொடித்து எல்லாப் பக்கமும் தூவி, கம்பித் தட்டில் வைத்து, மூடாமல் ஃபிரிட்ஜில் விட்டேன். உப்பு முதலில் தண்ணீரை வெளியே இழுக்கும். பிறகு அந்தத் தண்ணீரிலேயே கரைந்து உள்ளே போய்விடும். காலையில் தொட்டுப் பார்த்தால் மேல்தோல் காய்ந்த காகிதம் போல இருக்கும், அதுதான் வேண்டும். மேலே ஈரம் இருந்தால் நெருப்பின் சூடெல்லாம் அதை ஆவியாக்குவதிலேயே போய்விடும், முறுகல் வராது.

சனிக்கிழமை காலையில் அப்பாவைக் கூட்டிக்கொண்டு சீப்ரூக் போனேன். கால்வெஸ்டன் வளைகுடா ஓரத்தில் இறால் படகுகள் நிற்கும் இடம், கடைகளும் அங்கேயே. இந்தக் கரையில் 1975-க்குப் பிறகு வந்து குடியேறிய வியட்நாம்காரர்கள் நிறையப் பேர் இறால் தொழிலில் இருக்கிறார்கள். நாங்கள் போன கடையிலும் ஒரு வியட்நாமிய அம்மாதான். தலையோடு குவித்திருந்த இறாலில் ஒன்றை அப்பா எடுத்தார். தலைக்கும் உடம்புக்கும் நடுவே கட்டைவிரலை வைத்து லேசாக நெம்பினார். முகர்ந்தார். தலையடியில் கறுப்புத் தட்டியிருக்கிறதா என்று வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் திரும்ப வைத்துவிட்டார். அந்த அம்மா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குனிந்து, கீழே ஐஸுக்குள் இருந்து இன்னொரு பெட்டியை இழுத்து வைத்தார். அதில் அப்பா நெம்பியபோது தலை அசையவில்லை. அப்பா சிரித்தார், அந்த அம்மாவும் சிரித்தார். இருவருக்கும் பொதுவாக ஒரு வார்த்தைகூடத் தெரியாது. இரண்டு பவுண்டு வாங்கினோம்.

மீன் நாங்கள் வாங்கியதல்ல. பக்கத்து வீட்டுக்காரர் தூண்டில் போட்டுப் பிடித்த ரெட்ஃபிஷ்ஷில் ஒரு பாதியைக் கொடுத்திருந்தார். டெக்சாஸ் கடலில் பிடித்த ரெட்ஃபிஷ்ஷை விற்க 1981-இலிருந்தே தடை. பிடித்தவர் கொடுத்தால்தான் உண்டு. வேலிக்கு அந்தப்பக்கம் அவர் முழு மீனை வெட்டும்போதே அப்பா பார்த்துவிட்டு, “கத்தாளை மீன் ஜாதி. தண்ணிக்குள்ள கொர் கொர்னு சத்தம் போடும்” என்றார். அதுவும் சரிதான். இந்த மீனுக்கு இங்கே ரெட் டிரம் என்றும் பெயர். காற்றுப்பையைத் தசையால் அதிரவைத்து முரசு மாதிரிச் சத்தம் எழுப்புவதால் வந்த பெயர் அது. ஆனால் செதில் எடுக்காமல் கொடுக்கிறாரே என்று அப்பாவுக்கு மனசு ஆறவில்லை. கத்தியை எடுத்துவிட்டார். நான்தான் தடுத்தேன். இந்தக் கரையோரத்தில் தோலும் செதிலும் அடியில் இருக்க, அப்படியே கம்பி மேல் வைத்துச் சுடுவார்கள். பெரிய தடித்த செதில், அதுவே தட்டாகிவிடும். மீனைப் புரட்டவே வேண்டாம்.

இரண்டு வருடத்துக்கு முன் எங்கள் கல்யாண நாளுக்கு ஸ்டேக்கையும் இறாலையும் ஒரே நேரத்தில் அடுப்பில் வைத்தேன். இறால் நாலு நிமிடத்தில் வெந்து, ஸ்டேக் வரும்வரை தட்டில் காத்திருந்து ரப்பராகிவிட்டது. அன்று நல்ல இறாலை வீணடித்த வருத்தம் இன்னும் இருக்கிறது. இறைச்சிக்குப் பொறுமை வேண்டும், இறாலுக்கு வேகம் வேண்டும். இரண்டுக்கும் ஒரே அடுப்பு என்றால் வரிசைதான் எல்லாம்.

கரியை ஒரு பாதியில் மட்டும் குவித்தேன். மறு பாதி வெறுமை. மெஸ்கீட் கரி பற்றும்போது படபடவென்று பொறி தெறிக்கும், குழந்தைகளைக் கிட்டே விடக் கூடாது. நீறு பூக்கிற வரைக்கும் அப்பா அட்டைப் பெட்டி மூடியால் விசிறிக்கொண்டே இருந்தார், விடு என்றாலும் கேட்கவில்லை. ஸ்டேக் இரண்டையும் கரி இல்லாத பக்கம் வைத்து மூடினேன். தெர்மாமீட்டரைக் குத்திப் பார்த்து, 100 ஃபாரன்ஹீட் வந்ததும் மீனை எண்ணெயும் மிளகும் தடவிப் பக்கத்தில் வைத்தேன். 115 வந்ததும் ஸ்டேக்கை நேராகக் கங்குக்கு மேல் தள்ளினேன்.

இந்த இடத்தில் அடுப்பை விட்டு நகரவே கூடாது. கொழுப்பு உருகிக் கங்கில் சொட்டியதும் சுர்ரென்று நாக்கு நீட்டும் தீ. அரை நிமிடத்துக்கு ஒரு தடவை இடுக்கியால் புரட்டினேன். சாம்பல் பூத்த நிறத்திலிருந்து பழுப்பு, பழுப்பிலிருந்து கருப்பட்டி நிறம். ஓரத்துக் கொழுப்பை நிமிர்த்திப் பிடித்தால் அது அப்பளம் மாதிரிப் பொரிகிறது. நாலு நிமிடம்தான். என் துண்டை 130-இல் எடுத்துப் பலகையில் வைத்தேன். அப்பாவின் துண்டை மட்டும் மறுபடி ஓரத்துக்கு மாற்றி மூடினேன். இங்கே வேளாண்மைத் துறை எல்லாருக்குமே சொல்லும் அளவு 145, எடுத்தபின் மூன்று நிமிடம் ஆற வேண்டும். எனக்கு நானே முடிவெடுத்துக்கொள்வேன், சர்க்கரை உள்ள பெரியவருக்கு அந்தத் துணிச்சல் வேண்டாம். அவருக்கு 150 வரை விட்டேன்.

ஸ்டேக் ஆறுகிற நேரம்தான் இறாலுக்கு. தலையை எடுக்கவில்லை. முதுகு ஓட்டைக் கத்தரியால் கீறிக் குடலை மட்டும் உருவி, அப்பா அம்மியில்லாமல் டம்ளர் அடியால் நசுக்கிய பூண்டு, மிளகு, சீரகத்தைக் கீறலுக்குள் தடவியிருந்தோம். எலுமிச்சையை முன்னாலேயே விட்டால் புளிப்பே சதையை இறுக்கிவிடும். சுட்ட பிறகுதான் பிழிய வேண்டும். பக்கத்துக்கு இரண்டு நிமிடம். வளைந்து வரும்போதே எடுத்துவிட வேண்டும், சுருண்டு வட்டமாகிவிட்டால் முற்றிப்போச்சு.

வீட்டுக்காரர் சாலட்டும் சுட்ட சோளமும் கொண்டுவந்தார். என் ஸ்டேக்கை வெட்டியதும் அப்பா தட்டை எட்டிப் பார்த்தார். “ரத்தம் வடியுது.” ரத்தம் இல்லை, மாட்டை அறுக்கும்போதே ரத்தம் வடிந்துபோய்விடும், இது சதையிலேயே இருக்கிற மயோகுளோபின் என்ற சிவப்புப் புரதம் கலந்த சாறு என்று சொன்னேன். கேட்டுக்கொண்டார். ஆனால் தன் தட்டை என் தட்டிலிருந்து கொஞ்சம் தள்ளி வைத்துக்கொண்டார். குக்கரில் ஆறு விசில் விட்ட மிளகுக் கறிதான் அவருக்குப் பழக்கம். முதல் துண்டை ரொம்ப நேரம் மென்றார். பிறகு ஓரத்துக் கொழுப்பை வெட்டி வாயில் போட்டுக்கொண்டு, “இதுல உங்கம்மா உப்புக் கணக்கு இருக்கு” என்றார்.

நான் பதில் சொல்லவில்லை. இறால் தட்டை அவர் பக்கம் நகர்த்தினேன். ஒவ்வொன்றாகத் தலையைத் திருகி, உறிஞ்சி, ஓட்டை வரிசையாக அடுக்கினார். ரெட்ஃபிஷ்ஷைக் கரண்டியால் வழித்தபோது சதை செதில் தட்டிலிருந்து பூவாகக் கழன்று வந்தது. அவர் அந்தக் காலித் தோலை விளக்கு வெளிச்சத்தில் தூக்கி, கருகிய செதிலை நகத்தால் சுண்டிச் சுண்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

படுக்கப் போகும் முன் அடுப்பின் மேல் ஓட்டையையும் கீழ் ஓட்டையையும் நான் மூடினேன். காற்று இல்லாமல் கங்கு அணைந்துவிடும், மீந்த கரி அடுத்த தடவைக்கு ஆகும். காலையில் எழுந்து பார்க்கிறேன், அப்பா அதற்குள் சாம்பலைச் சலித்து, கரியைப் பெரியது சின்னது என்று பிரித்து இரண்டு டப்பாவில் போட்டு வைத்திருந்தார்.

“பெருசு கறிக்கு. சின்னது இறாலுக்கு. அடுத்த சனிக்கிழமை அந்தக் கடைக்கு எத்தனை மணிக்குப் போவோம்?”