பம்ப் செட் ரூம் மாதிரி ஒரு கோட்டை

ஹார்ப்பர்ஸ் ஃபெர்ரியில் ஒரு கோட்டை இருக்கிறது என்று அம்மாவிடம் சொன்னது என் தப்பு. செஞ்சியைப் பார்த்த கண் அது.

மேற்கு வர்ஜீனியாவில் முந்நூறு பேர்கூட இல்லாத ஊர். மேலே காரை விட்டுவிட்டு, பூங்கா பஸ்ஸில் இறங்கினால் பொட்டோமாக் ஆறும் ஷெனான்டோவா ஆறும் கூடுமிடம். பக்கத்திலேயே ‘ஜான் பிரவுன் கோட்டை’: வளைவுக் கதவுகள் வைத்த செங்கல் கட்டடம், தலையில் சின்ன மணிக்கூண்டு.

"இதென்னடா, பம்ப் செட் ரூம் மாதிரி இருக்கு?"

கிட்டத்தட்ட சரிதான். அரசு ஆயுதச்சாலையின் தீயணைப்பு வண்டிக் கொட்டகை இது. 1859 அக்டோபர் 16 இரவு, ஆயுதங்களைக் கைப்பற்றி அடிமைகளைத் திரட்டலாம் என்று சின்னக் கூட்டத்தோடு வந்தார், அடிமை முறையை ஒழிக்கக் கிளம்பிய வெள்ளைக்காரர் பிரவுன். அந்தக் கூட்டத்தின் குண்டுக்கு முதலில் செத்தது ஹேவார்ட் ஷெப்பர்ட். ரயில் நிலையத்தில் பெட்டி தூக்கிய கறுப்பர்; அடிமைகூட இல்லை. அதைப் படித்ததும் கொஞ்ச நேரம் எனக்கு வேறெதுவும் ஓடவில்லை. பிரவுன் கடைசியில் ஒதுங்கியது இந்தக் கொட்டகையில். 18ஆம் தேதி காலை மரைன் வீரர்கள் ஏணியால் கதவை இடித்துப் புகுந்தார்கள். டிசம்பர் 2 அவருக்குத் தூக்கு.

அப்புறம் கட்டடம் ஊர் சுற்றக் கிளம்பியது. 1891இல் செங்கல் செங்கலாகப் பிரித்து சிகாகோ கொண்டுபோனார்கள். அங்கே பத்து நாளில் பார்க்க வந்தவர்கள் 11 பேர்! திரும்பி வந்து ஒரு பண்ணை, 1909இல் ஸ்டோரர் கல்லூரி, 1968இல் இங்கே. இதுவும் பழைய இடமில்லை. அது ரயில்பாதைக் கரைக்கு அடியில் போய்விட்டது, ஒரு கல்தூண்தான் அடையாளம். கூண்டிலிருந்த மணியை உள்நாட்டுப் போரின்போது மாசசூசெட்ஸ் சிப்பாய்கள் கழற்றிக்கொண்டு போனார்கள். இன்னும் அவர்கள் ஊரான மார்ல்பரோவில்தான் தொங்குகிறது.

அம்மா செங்கல்லை ஒரு தட்டு தட்டிப் பார்த்துவிட்டு வெளியே போய் ஆற்றைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார்.

திரும்பும் பஸ்ஸில்தான் அதைச் சொன்னேன். கட்டடம் பண்ணையில் நின்ற காலம், 1906 ஆகஸ்ட். டுபாய்ஸ் முதலான கறுப்பினத் தலைவர்கள் கறுப்பர் உரிமைக்காகத் தொடங்கிய நயாகரா இயக்கத்தின் மாநாட்டுக்கு இந்த ஊருக்கு வந்தார்கள். ஒரு காலையில் வரிசையாக நடந்து அங்கே போனார்கள், புனித இடமென்று செருப்பு, காலுறையெல்லாம் கழற்றிவிட்டு.

அம்மா தன் கான்வாஸ் ஷூவைக் குனிந்து பார்த்தார்.

"இத உள்ள போறதுக்கு முன்னாடி சொல்லக்கூடாதா?"