நன்றாகத் தெரியும்போதே ஐசிஎல் லென்ஸை எடுக்கச் சொல்வது ஏன்?

கண்ணாடிக்குப் பதிலாகக் கண்ணுக்குள் வைத்த ஐசிஎல் லென்ஸை எடுக்கணும் என்றதும், உசிலம்பட்டியிலிருந்து வந்தாலும் மேலூரிலிருந்து வந்தாலும் மதுரைக் கண் ஆஸ்பத்திரியில் எங்களிடம் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: "நல்லாத்தானேங்க தெரியுது?"

தெரியும். சிக்கல் பார்வையில் இல்லை, இடைவெளியில். ஐசிஎல் ஐரிஸுக்கு (கண்ணில் நிறம் தெரியும் வளையம்) பின்னால், கண்ணில் பிறப்பிலேயே இருக்கும் இயற்கை லென்ஸுக்கு முன்னால் உட்காருகிறது. அதற்கும் இயற்கை லென்ஸுக்கும் நடுவில் உள்ள இடைவெளிக்கு வால்ட் என்று பெயர். 250 முதல் 750 மைக்ரான் வரை (1000 மைக்ரான் ஒரு மி.மீ.) இருந்தால் கவலையில்லை. 1000-ஐத் தாண்டினால் ஐரிஸ் முன்னே தள்ளப்பட்டு, கண்ணுக்குள் ஊறும் நீர் வடிகிற கோணம் குறுகி, கண் அழுத்தம் ஏறலாம். மிகவும் குறைந்தால் இயற்கை லென்ஸின் முன்பக்கத்தில் புரை விழலாம். வயது ஏற ஏற இயற்கை லென்ஸ் தடிக்கும், வால்ட் தானாகவே குறையும். அதனால்தான் வருஷம் ஒருமுறை அளக்க வரச் சொல்கிறோம்.

பரவலாக வைக்கப்படும் லென்ஸ் 12.1, 12.6, 13.2, 13.7 மி.மீ. என்று நாலே அளவில் வருகிறது. கண்கள் நாலு அளவில் பிறப்பதில்லை. அளவு தப்பினால் எடுத்துவிட்டு வேறு அளவு வைக்கலாம். சிலிண்டர் பவருக்கான (கோணம் பார்த்து வைக்கவேண்டிய) லென்ஸ் சுழன்றுவிட்டால் முதலில் திருப்பி வைத்துப் பார்ப்பார்கள். மறுபடி சுழன்றால் மாற்றவேண்டி வரும். அழுத்தம் ஏறியதுமே லென்ஸைக் குறை சொல்லவும் கூடாது. ஸ்டீராய்டு சொட்டு மருந்தாலும் ஏறும். டாக்டர் மருந்தை மாற்றிப் பார்த்துவிட்டுத்தான் முடிவெடுப்பார்.

லென்ஸ் வைத்தபோது கொடுத்த அட்டையையும், அதற்கு முந்தைய கண்ணாடிச் சீட்டையும் கொண்டுவாருங்கள். அளவும் பவரும் அவற்றில் இருக்கும்.

எடுக்கும்போது சுமார் 3 மி.மீ. திறப்பு வழியாகக் கூழ் போன்ற மருந்தைச் செலுத்தி, ஐரிஸுக்குப் பின்னால் இருக்கும் லென்ஸின் மூலைகளை ஒவ்வொன்றாக முன்னே கொண்டுவருவார்கள். லென்ஸ் மெத்தென்று இருப்பதால் மடிந்து வெளியே வந்துவிடும். பெரும்பாலும் தையல் தேவைப்படாது. கடைசியில் கூழைக் கழுவி எடுப்பார்கள். இதில் கொஞ்சம் தங்கிவிட்டால் அன்று சாயங்காலமோ ராத்திரியோ அழுத்தம் ஏறித் தலைவலி, வாந்தி வரும். ஊருக்குப் போய்ச் சேர்ந்தவர்கள் இதைப் பித்தம் என்று நினைத்துச் சோடா குடித்துப் படுத்துவிடுகிறார்கள். ஆபத்து. அன்று ராத்திரி மதுரையிலேயே தங்குங்கள். தலைவலி வந்தால் விடியும்வரை காத்திராமல் உடனே வாருங்கள்.

புதிய லென்ஸ் வைக்காமல் ஒரு கண்ணில் மட்டும் எடுத்தால் பழைய பவர் அப்படியே திரும்பிவிடும். ஒரு கண் மைனஸ் 10, இன்னொன்று பூஜ்யம் என்றால் கண்ணாடி ஒத்துவராது. இரண்டு கண்ணுக்கும் உருவம் வேறு வேறு அளவில் தெரிந்து படியிறங்கும்போது கால் தடுமாறும். புண் ஆறியபின் டாக்டர் அனுமதித்தால் அந்தக் கண்ணுக்குக் காண்டாக்ட் லென்ஸ் போடலாம். அதுவரை பைக் ஓட்டக் கூடாது.