மூன்றாவது கணக்கு

என் அக்கா மகள் பினாங்கில், பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறாள். வயது 25, சம்பளம் 2,300 வெள்ளி (மலேசிய ரிங்கிட்). முதல் இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) பணம் ஏறியதுமே மூன்றாவது கணக்கிலிருந்து 50 வெள்ளியை எடுத்துவிட்டாள். "என் காசுதானே சித்தி?" என்கிறாள். அவள் காசுதான். அதனால்தான் எனக்கு இவ்வளவு கவலை.

2024 மே மாதம் வரை இபிஎஃப்பில் இரண்டு கணக்குகள்தான் இருந்தன. இப்போது நூறு வெள்ளி போட்டால் 75 ஓய்வுக் காலத்துக்குப் போகிறது. இன்னொரு 15 வெள்ளி வீடு, படிப்பு, மருத்துவம் மாதிரியான செலவுகளுக்கு. மிச்சம் 10 மூன்றாவது கணக்கில். அதை எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம், குறைந்தது 50 வெள்ளி. அவள் பங்கு 11 விழுக்காடு, முதலாளி பங்கு 13. மாதம் சுமார் 550 வெள்ளி சேர்கிறது, அதில் மூன்றாவது கணக்குக்கு 55. ஒரு வருஷத்துக்கு 660. அதைத் தொடாமல் விட்டு, லாப ஈவு வருஷத்துக்கு 5 விழுக்காடு என்றே வைத்துக்கொண்டாலும், அவளுடைய 55 வயதில் அது 2,800 வெள்ளியைத் தாண்டிவிடும். இது ஒரே ஒரு வருஷத்துக் காசு. 2024-க்குக் கிடைத்த ஈவோ 6.3 விழுக்காடு.

எங்கள் அம்மா அவசரத்துக்குச் சங்கிலியைத்தான் அடகு வைப்பார். மாதம் நூற்றுக்கு 2 வட்டி, ஆறு மாதத்துக்குள் மீட்க வேண்டும். கணக்குப் பார்த்தால் வருஷத்துக்கு 24 விழுக்காடு, கொள்ளை வட்டிதான். ஆனால் கெடு நெருங்கினால் அம்மாவுக்குத் தூக்கம் வராது. கறி வாங்காமல், சேலை வாங்காமல் எப்படியாவது மீட்டுவிடுவார். இபிஎஃப்பில் எடுத்த காசுக்குக் கெடு கிடையாது. திருப்பிப் போடு என்று ஒருவரும் கேட்பதில்லை.

கொரோனா காலத்தில் ஐ-லெஸ்தாரி, ஐ-சினார், ஐ-சித்ரா என்று இபிஎஃப் காசை முன்கூட்டியே எடுக்க ஒன்றன்பின் ஒன்றாகக் கதவு திறந்தார்கள். என்னோடு ஒரே லைனில் வேலை செய்த பெண்கள் பலர் எடுத்தார்கள். வீட்டில் அரிசி இல்லாதவர் வேறென்ன செய்வார்? அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. ஆனால் இன்று 55-ஐ நெருங்கும்போது அவர்களில் சிலர் துப்புரவு வேலை எங்கே கிடைக்கும் என்று விசாரிக்கிறார்கள். அதைக் கேட்கும்போது வயிறு பிசைகிறது.

எடுக்காதே என்று மட்டும் சொன்னால் போதாது. மோட்டார் சைக்கிள் டயர் வெடித்தால் பிள்ளை எங்கே போவாள்? அதனால் சம்பளம் விழும் அன்றே 150 வெள்ளி தானாக வேறொரு வங்கிக்குப் போகும்படி செய்திருக்கிறோம். அந்தக் கணக்குக்கு அட்டை கிடையாது, நேரில் போய்த்தான் எடுக்க வேண்டும். இபிஎஃப்பில் வாரிசாக அக்கா பெயரையும் போட்டாயிற்று. கல்யாணம் ஆனால் அதை மறுபடி பார்க்க வேண்டும்.

அமானா சஹாம் மலேசியா என்ற யூனிட் டிரஸ்ட் முதலீட்டில் போடலாமா என்று இப்போதே கேட்கிறாள். போடலாம், நல்லதுதான். முதலில் மூன்று மாதச் செலவுக்கான காசு அந்த வங்கியில் சேரட்டும் என்று சொல்லியிருக்கிறேன்.