எதிலிருந்து மாறியது?

பெங்களூரு அலுவலகத்தில் எங்கள் பில்டு, அதாவது மென்பொருளின் மாட்யூல்களை (பகுதிகளை) நிரலிலிருந்து கட்டியெடுக்கும் வேலை, நீண்டுகொண்டே போனபோது, "மாறின மாட்யூலை மட்டும் கட்டினால் போதாதா அண்ணா?" என்று கேட்டான் திருநெல்வேலியிலிருந்து புதிதாக வந்து சேர்ந்த தம்பி. நியாயமான கேள்விதான். 1976இல் பெல் ஆய்வகத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் 'மேக்' (make) என்ற பில்டு கருவியை எழுதியதற்கும் இதை ஒட்டிய ஒரு தொல்லைதான் காரணம். சக ஊழியர் ஒருவர் பிழையைத் திருத்திவிட்டு, அந்தக் கோப்பைக் கம்பைல் செய்ய (இயந்திர மொழிக்கு மாற்ற) மறந்து, பழைய நிரலிலேயே காலை முழுக்கப் பிழை தேடிக்கொண்டிருந்தாராம்.

மேக் பார்ப்பது கோப்பு கடைசியாக மாறிய நேரத்தை. நம் சொந்தக் கணினியில் அது அருமையாக வேலை செய்யும். பில்டு சர்வரில் எடுபடாது. நிரலின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் (Git), கோப்புகளின் நேரத்தைச் சேமித்து வைப்பதில்லை. புதிதாக க்ளோன் செய்தால் (நகல் எடுத்தால்) எல்லாக் கோப்பும் இந்த நிமிடம் பிறந்த மாதிரி இருக்கும். அதனால் உள்ளடக்கத்தைத்தான் ஒப்பிட வேண்டும். ஒவ்வொரு கோப்புக்கும் ஹாஷ் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட அடையாளம்) இருப்பதால், இரண்டு கமிட்டுகளை (மாற்றப் பதிவுகளை) கொடுத்தால் மாறிய கோப்புகளின் பட்டியலை கிட் நொடியில் தந்துவிடும்.

சரி, எந்த இரண்டு கமிட்? இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். கடைசி கமிட்டையும் அதற்கு முந்தையதையும் ஒப்பிடுவதுதான் பலருக்கும் முதலில் தோன்றும். பில்டையும் டெஸ்ட்களையும் தானாக ஓட்டும் எங்கள் பைப்லைனும் அப்படித்தான் இருந்தது. ஒருநாள் வரிக் கணக்கு மாட்யூலும் ரிப்போர்ட் மாட்யூலும் ஒரே கமிட்டில் மாறின. ரிப்போர்ட்டில் ஒரு டெஸ்ட் விழுந்து பில்டு சிவப்பானது, அதாவது தோற்றது. அடுத்த கமிட்டில் ரிப்போர்ட்டை மட்டும் சரிசெய்தார்கள். பைப்லைன் ரிப்போர்ட்டை மட்டும் கட்டியது; பச்சை. வரி மாட்யூலின் புது ஜார் (கட்டி முடித்த கோப்பு) வெளியே வரவே இல்லை. சோதனைச் சூழலில் பழைய வரியே வந்துகொண்டிருந்தது. "பச்சைதானே காட்டுது அண்ணா" என்று லாகை (பில்டு நடந்ததன் பதிவை) திரும்பத் திரும்ப உருட்டினான் தம்பி. லாகில் வரி மாட்யூலின் பெயரே இல்லை. பிழைச் செய்தி இருந்தால் கண்ணில் படும். இல்லாத பெயரை யார் தேடுவார்கள்?

ஒப்பிட வேண்டியது கடைசியாக வெற்றி பெற்ற பில்டின் கமிட்டோடு. பில்டுகளைத் தானாக ஓட்டும் ஜென்கின்ஸ் கருவியில் கிட் ப்ளகினே (துணைநிரலே) அதை ஒரு மாறியில் வைத்துத் தருகிறது. ஆனால் நேரம் மிச்சமாகட்டும் என்று கடைசி ஒரு கமிட்டை மட்டும் க்ளோன் செய்திருந்தால், ஒப்பிட வேண்டிய பழைய கமிட் கையில் இருக்காது. அப்போது பட்டியல் காலியாக வந்தால் "ஒன்றும் மாறவில்லை" என்று ஸ்கிரிப்ட் எடுத்துக்கொள்ளக் கூடாது. எங்கள் ஸ்கிரிப்டில் இப்போது அடிப்படை கமிட் கிடைக்காவிட்டால் எல்லா மாட்யூலும் கட்டப்படும். பொதுவான பில்டு கோப்பு மாறினாலும் அப்படியே. எந்தக் கமிட்டிலிருந்து எதுவரை ஒப்பிட்டது, எந்தெந்த மாட்யூலைத் தவிர்த்தது என்பதையும் லாகின் முதல் வரிகளிலேயே எழுதிவிடுகிறது.