வெறும் பில்ற்றரைப் பூட்டலாமா?

ரொறன்ரோவுக்கு மேற்கே, பாரவூர்திகள் திருத்தும் ஒரு கராஜில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், புதிய ஒயில் பில்ற்றரை மேசையில் நிமிர்த்தி வைத்து அதற்குள் ஒயில் விட்டுக்கொண்டிருந்தேன். மேற்பார்வையாளர் வந்து அதை என் கையிலிருந்து வாங்கிக் கழிவுத் தொட்டிக்குள் கவிழ்த்துவிட்டு, இங்கே யாரும் பில்ற்றரை நிரப்பிப் பூட்டுவதில்லை என்ற ஒரே வசனத்துடன் போய்விட்டார். அவர் திருத்தியதில் எனக்கு மனக்குறை இல்லை. ஒவ்வொரு தொழிலிடத்துக்கும் ஓர் ஒழுங்கு உண்டு. சற்று முன்னர் மூடி உடைத்த கொள்கலனிலிருந்து வந்த பொன்னிற ஒயில் கறுத்த கழிவோடு கலந்து போனதைத்தான் தாங்க முடியவில்லை. ஏன் நிரப்பக் கூடாது என்று காரணமும் சொல்லாமல் போனது அதற்கு மேல் உறுத்தியது. தொண்ணூறுகளில் இலங்கையின் வடக்கே வன்னியில் இருந்த எவரும் அந்த இடத்தில் நின்றிருந்தால் தொட்டிக்குக் குறுக்கே கையை நீட்டியிருப்பார்கள்.

பொருளாதாரத் தடை இருந்த அந்த ஆண்டுகளில் மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் ஓடின. தொடக்குவதற்கு மட்டும் சில துளி பெற்றோல் விடுவார்கள். எஞ்சின் ஒயில் போத்தல் கணக்கில், எங்கிருந்து வந்ததென்று கேட்கக் கூடாத பொருளாகக் கைமாறியது. முரசுமோட்டையில் பெரியப்பாவிடம் ஒரு மெசி பெர்குசன் 135 உழவு இயந்திரம் இருந்தது. மூன்று சிலிண்டர் பேர்கின்ஸ் டீசல் எஞ்சின் பூட்டிய அந்த மிசின்தான் காலபோகத்துக்கு உழுதது, சூடடித்தது, கலியாண வீட்டுக்கு ஆள் ஏற்றியது. புதிய பில்ற்றர் ஒன்று கைக்கு எட்டினால் அது வீட்டில் ஒரு நாளுக்குரிய செய்தி.

ஒயில் மாற்றும் நாளில் பெரியப்பா விடியுமுன்னர் எழும்புவார். வெயில் ஏறினால் காற்று எழும்பும், காற்று எழும்பினால் கிறவல் றோட்டுப் புழுதி வளவு முழுக்கப் படியும் என்பது அவருடைய கணக்கு. ஆகவே பில்ற்றர் பூட்டி முடியும்வரை பெரியம்மா முற்றம் கூட்டக் கூடாது. கூட்டாத முற்றத்தைப் பார்ப்பதற்கென்றே அன்றைக்குத்தான் சம்பந்தி வீட்டார் வருவார்கள் என்று பெரியம்மா குசினிக்குள் இருந்து முணுமுணுப்பார். ஒருமுறை அவர்கள் உண்மையாகவே வந்துவிட்டார்கள். பெரியப்பா அவர்களையும் படலைக்கு வெளியே நிற்க வைத்துவிட்டுத்தான் வேலையை முடித்தார்.

நனைத்த சாக்கை விரித்து, அதன் மேல் பில்ற்றரை வாய் மேலே பார்க்க வைப்பார். பெரியம்மாவின் பழைய மெல்லிய வொயில் சேலைத் துண்டைப் புனலில் கட்டுவார். நடுவிலுள்ள பெரிய ஓட்டையைப் பெருவிரலால் இறுகப் பொத்திக்கொண்டு, சுற்றியிருக்கும் சின்ன ஓட்டைகளுக்குள் நூல் போல ஒயிலை விடுவார். நிரம்பி வழியப் பார்க்கும்போது நிறுத்துவார். உள்ளே கடுதாசி குடிக்கக் குடிக்க மட்டம் இறங்கும், மீண்டும் விடுவார். “ஓரத்தால விட்டாத்தான் தம்பி, கடுதாசியால வடிஞ்சு வரும். நடுவால விட்டா ஊத்தை நேர எஞ்சினுக்குப் போகும்” என்று ஒருதரம் எனக்குச் சொன்னார்.

அந்த ஒற்றை விளக்கத்துக்குள் இன்றைக்கு நான் படித்து அறிந்ததில் பெரும்பகுதி அடங்கியிருக்கிறது. பம்ப் தள்ளும் ஒயில் ஓரத்துச் சின்ன ஓட்டைகளால் பில்ற்றருக்குள் நுழைந்து, மடிப்புக் கடுதாசியைக் கடந்து, நடு ஓட்டையால் வெளியேறி, நேரே எஞ்சின் தண்டைத் தாங்கும் பெயாறிங்குகளுக்குப் போகிறது. நடு ஓட்டைக்குள் நாம் ஊற்றும் ஒயிலை அதன்பின் தடுக்க வேறு வடிகட்டி கிடையாது. ஓடும் எஞ்சினில் தண்டுக்கும் பெயாறிங்குக்கும் இடையே நிற்கும் ஒயில் படை சில மைக்ரோன் தடிப்பு மட்டுமே. தலைமயிர் ஒன்று ஏறத்தாழ 70 மைக்ரோன் இருக்கும். கண்ணுக்குச் சுத்தமாகத் தெரிவது எஞ்சினுக்குச் சுத்தமாக இருக்க வேண்டியதில்லை. முற்றம் கூட்ட விடாத பெரியப்பா அதை மைக்ரோன் கணக்கு இல்லாமலே உணர்ந்திருந்தார்.

மேற்பார்வையாளரின் பக்கத்து நியாயமும் இதுவேதான் என்று பின்னர் கண்டுகொண்டேன். பில்ற்றரைப் பூட்டுமுன் ஒயிலால் நிரப்ப வேண்டாம், அந்த ஒயில் வடிகட்டப்படாதது, அதில் அழுக்கு இருக்கலாம் என்று கற்றபில்லர் எஞ்சின் கையேடுகள் எச்சரிக்கின்றன. பேர்கின்ஸின் பழைய கையேடுகளோ, புதிய பில்ற்றருக்குள் சுத்தமான ஒயிலை விட்டு, அது வடிகட்டியூடாக ஊறுவதற்கு நேரம் கொடுத்துப் பூட்டச் சொன்னவை. 1998-இல் பேர்கின்ஸைக் கற்றபில்லர் வாங்கியது. அதற்குப் பின் வந்த பேர்கின்ஸ் எஞ்சின்கள் சிலவற்றின் கையேடுகளில் அதே ‘நிரப்ப வேண்டாம்’ எச்சரிக்கை வந்துவிட்டது. இரண்டும் ஒரே பயத்திலிருந்து பிறந்தவை. ஒன்று எஞ்சின் சில நொடிகள் ஒயில் இல்லாமல் ஓடும் என்று அஞ்சியது, மற்றது அந்தச் சில நொடிகளைக் காப்பாற்றப் போய் நாமே அழுக்கை ஊற்றிவிடுவோம் என்று அஞ்சுகிறது.

என் முடிவு இதுதான். பெரும்பாலான கார்களில் இந்தக் கேள்விக்கு இடமே இல்லை. பில்ற்றர் படுக்கையாகவோ தலைகீழாகவோ இருந்தால் ஊற்றியது நிலத்துக்குத்தான் போகும். கூட்டுக்குள் இறக்கும் கடுதாசி வகையென்றால் நிரப்புவதற்கே வழி இல்லை. கார் பில்ற்றர் சிறியது. பம்ப் அதைச் சில நொடிகளில் நிரப்பிவிடும், முன்பு ஓடியதில் ஒட்டிய ஒயில் படை அதுவரை பெயாறிங்கைக் காக்கும். றப்பர் வளையத்தில் விரலால் ஒயில் பூசி, பழைய வளையம் எஞ்சினில் ஒட்டிக்கொண்டு நிற்கவில்லை என்று பார்த்து, கையால் இறுக்கினால் போதும். ஆனால் லீற்றர் கணக்கில் கொள்ளும் பெரிய டீசல் பில்ற்றர், வாய் மேலே பார்த்துத் தொங்கும் இடத்தில், காற்றை அமுக்கி ஊட்டும் ரேர்போவும் பூட்டிய எஞ்சினில் இருந்தால், வெறுமையாகப் பூட்டி உடனே உறுமவிடுவதற்கு என் மனம் இன்றும் இணங்காது. கையேடு அனுமதித்தால் ஓரத்து ஓட்டைகளால் நிரப்புவேன். வேண்டாமென்றால், எஞ்சினைப் பற்றவிடாமல் ஸ்ராட்டரால் மட்டும் சுழற்றி, ஒயில் அழுத்தம் ஏறிய பின்னரே தொடக்குவேன். தை மாதத்தில் பூச்சியத்துக்குக் கீழே 20 பாகை குளிரில் ஒயில் தடித்துப்போய் நிற்கும்போது இது இன்னும் முக்கியம்.

இந்த நாட்டில் நான் ஊன்றிவிட்டேன் என்றே சொல்வேன். பனிக்கால ரயர் எப்போது மாற்றுவது, எந்த எஞ்சினுக்கு எந்த ஒயில் என்பதெல்லாம் கேட்காமலே கைக்கு வருகிறது. பிள்ளைகளுக்கு இதுதான் ஊர். மேற்பார்வையாளரும் நானும் இப்போது மதியச் சாப்பாட்டை ஒரே மேசையில் உண்கிறோம், பெரியப்பாவின் பெருவிரலைப் பற்றி அவருக்குச் சொல்லியிருக்கிறேன். அவர் சிரிக்கவில்லை, கவனமாகக் கேட்டார். ஆனால் பற்றாமல் சுழலும் ஸ்ராட்டரின் அந்த இழுவைச் சத்தம் கேட்டால் நான் கராஜில் இருப்பதில்லை, 1996 ஆடியில் நிற்கிறேன். கிளிநொச்சிப் பக்கம் ஷெல் விழத் தொடங்கி, மிசின் இழுக்கும் பெட்டியில் நெல் மூட்டையும் பாயும் பானையும் ஏறி, மேலே நாங்களும் ஏறிக் குந்திய பிறகு, காலையில்தான் ஒயில் மாற்றிய மிசினை உடனே தொடக்க மாட்டேன் என்று பெரியப்பா நின்றார். டீசல் போகாமல் எஞ்சினை நிற்பாட்டும் கம்பியை இழுத்துப் பிடித்தபடி, அழுத்த முள் அசையும்வரை எஞ்சினைச் சுழற்றினார். பெரியம்மா ஏசினார், பக்கத்து வீட்டார் கத்தினார்கள். முள் எழும்பிய பிறகுதான் கம்பியை விட்டார். அந்த மிசின் எங்களை விசுவமடுவுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது. அதன்பின் பல ஆண்டுகள் உழுதது. 2009-இல் போர் முடியும் நாட்களில் வட்டுவாகல் பாலத்தைக் கடந்தபோது அது எங்களுடன் இல்லை.

அண்மையில் பெரியப்பாவின் மகன் தொலைபேசியில் எடுத்தான். திரும்பவும் முரசுமோட்டையில்தான் இருக்கிறான், கடன் எடுத்து ஒரு மிசின் வாங்கியிருக்கிறான். “அண்ணை, இப்பவும் அப்பா மாதிரி நிரப்பித்தான் பூட்டுறதோ?” என்று கேட்டான். பில்ற்றர் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று முதலில் பார்க்கச் சொன்னேன். நிமிர்ந்து நிற்கிறது என்றான். கையேட்டில் தடை இருக்கிறதா என்று கேட்டேன். பக்கங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு இல்லை என்றான். அப்படியானால் ஓரத்து ஓட்டையால் விடு, புதிதாக உடைத்த கானிலிருந்து விடு, திறந்து கிடந்த போத்தலிலிருந்து வேண்டாம் என்றேன்.

அடுத்ததாக டீசல் பில்ற்றரையும் அப்படி நிரப்பலாமா என்று கேட்டான். அதற்கு மட்டும் நான் யோசிக்கவில்லை. எஞ்சினுக்குள் டீசலைப் பீச்சும் இன்ஜெக்ரருக்குள் இருக்கும் இடைவெளி பெயாறிங்கில் இருப்பதைவிட நுண்ணியது, அதற்குள் ஒரு தூசு போனாலும் செலவு பெரிது. ஆகவே அதை வெறுமையாகப் பூட்டிவிட்டு, கைப்பம்பை அடித்து, காற்றுக் குமிழி நின்று டீசல் மட்டும் வரும்வரை அடிக்கச் சொன்னேன். முற்றம் கூட்டாத நேரத்தில் செய் என்றும் சொன்னேன். அது தனக்கு முன்னரே தெரியும் என்றான்.