புல் இன், புல் அப், புல் அவுட்

லண்டனின் ஹரோ பகுதியில் கார் ஓட்டப் பழகிய நாட்களில் என்னைச் சீண்டியது வட்டச் சந்திகளோ மழையோ அல்ல. பக்கத்து இருக்கையில் இருந்த ஆங்கிலேயப் பயிற்சியாளரின் வாயில் ஓயாமல் புரண்ட 'புல்' என்ற ஒரே சொல்தான். வீதியோரமாக ஒதுங்கி நிறுத்த 'புல் இன்', நிறுத்துவதற்கே 'புல் அப்', மறுபடி போக்குவரத்தில் கலக்க 'புல் அவுட்', பொலிஸ்காரர் மறித்தால் 'புல் ஓவர்'. பள்ளிக்கூடத்தில் 'இழு' என்று மட்டும் மனனம் செய்த சொல் வரவுக்கும் போக்குக்கும் ஒருசேரப் பொறுப்பேற்பது என்ன நியாயம்? போதாக்குறைக்கு, 2017 டிசம்பரிலிருந்து, வலப்புறத்தில் 'புல் அப்' செய்து இரண்டு கார் நீளம் பின்னால் செல்லும்படியும் பரீட்சையில் கேட்கலாம். 2014 ஏப்ரல் வரை இந்நாட்டுத் தியரிப் பரீட்சையின் கேள்விகளைத் தமிழ்க் குரலில் கேட்க முடிந்தது. அந்த வசதி நின்ற பிறகு பழகத் தொடங்கிய என்னைப் போன்றவர்கள் ஆங்கிலத்தோடு இழுபட வேண்டியதுதான்.

'புல் அப்' என்பது குதிரையின் கடிவாளத்தை இழுத்து நிறுத்திய காலத்தின் எச்சம் என்று அறிந்தபோது என் கோபம் பாதி தணிந்தது. எங்கள் ஊர் வண்டில்காரரும் நாணயக்கயிற்றை இழுத்துத்தானே மாட்டை நிறுத்துவார். மீதிக் கோபத்தைத் தணித்தது ரயில். கால அட்டவணைக்கும் விருந்தாளிக்கும் 'அரைவ்' போதும். நிலையத்துக்குள் நுழைந்துவிட்ட ரயில் வேகம் குறைந்து மேடையோரம் ஊர்ந்து வந்து நிற்பதைத்தான் 'புல் இன்' கண்முன் கொண்டுவருகிறது. தனியாக இழுக்கும் எஞ்சின் இல்லாத மின்சார ரயிலுக்கும் இங்கே அதே சொல்தான்.

அனுமதிப் பத்திரம் கிடைத்துவிட்டது, ஊரும் பழகிவிட்டது என்று நண்பர்களிடம் பெருமை பேசுவேன். ஆனாலும் யூஸ்டனில் ஒரு ரயில் 'புல் இன்' ஆகும்போதெல்லாம் மனம் கொடிகாமத்துக்குப் போய்விடுகிறது. 1990இல் யாழ்ப்பாணத்துக்கு வருவது நின்றுபோய், 2014இல் மீண்டும் வந்த யாழ்தேவியில், சிறுவயதில் கொழும்புக்குப் போவதற்காக அங்கேதான் காத்து நிற்போம். சாவகச்சேரிப் பக்கம் ஊதல் கேட்டதுமே அம்மா "கோச்சி வருது, கோச்சி வருது" என்று எங்களை எழுப்பிவிடுவார். இந்த ஊரார் 'புல் இன்' என்று சொல்லக்கூடிய தூரத்துக்கு அது வந்து சேர்வதற்குள், அவர் புழுக்கொடியல் பையையும் எங்களையும் இரண்டு தடவை எண்ணி முடித்திருப்பார்.