தராசு காட்டுது, கம்ப்யூட்டர் காட்டலை

கல்லிடைக்குறிச்சியில் ஓர் அப்பளக் கடைக்கு நான்தான் கம்ப்யூட்டர் பார்க்கிறேன். அம்பாசமுத்திரத்திலிருந்து ஆற்றுப் பாலம் தாண்டினால் கடை. தராசில் பொட்டலத்தை வைத்தால் எடை நேரே பில்லில் விழும். அந்தச் சின்ன பைத்தான் புரோகிராமும் என் கைவேலைதான். உபுண்டு என்கிற லினக்ஸ் இயங்குதளத்தின் 20.04 பதிப்பில் முனகாமல் ஓடிக்கொண்டிருந்தது. சும்மா இருக்க மாட்டாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை 22.04-க்கு ஏற்றிவிட்டு வந்தேன்.

திங்கள் காலை எட்டரைக்கே போன்.

"எய்யா, தராசு காட்டுது, கம்ப்யூட்டர் காட்ட மாட்டேங்கு. நீ என்னத்த ஏத்திவிட்டுட்டுப் போன?"

"கேபிளக் கழத்தி மாட்டிப் பாருங்க அண்ணாச்சி."

"நாலு வாட்டி மாட்டியாச்சு. யாவாரத்துக்கு ஆள் நிக்கி, நீ கெளம்பி வா."

போனேன். முதல் சந்தேகம் கேபிள் மேல். என் பழைய லேப்டாப்பில் மாட்டினால் எடை வந்தது. சீரியல் போர்ட்டைத் தொட அனுமதி தருகிற டயல்அவுட் குரூப்பில் யூசர் இருக்கிறாரா? இருக்கிறார். அடுத்து மோடம்மேனேஜர் என்கிற சர்வீஸ். சீரியல் போர்ட்டைக் கண்டால் 'நீ மோடமா?' என்று தட்டிப் பார்க்கிற பழக்கம் அதற்கு உண்டு. பழைய கேடி என்பதால் விசாரிக்காமலே நிறுத்தினேன். பிரயோஜனம் இல்லை, வீண்பழி.

முதலில் செய்திருக்க வேண்டியதை அப்புறம்தான் செய்தேன். சிஸ்டத்தின் அடிமட்டச் செய்திகளைக் காட்டுகிற டிமெசேஜை ஓடவிட்டுக்கொண்டு கேபிளைச் செருகினேன். கேபிள் சிப்புக்கான சிஎச்341 டிரைவர் வந்தது, போர்ட்டுக்கு டிடிஒய்யுஎஸ்பி0 என்று பெயர் வைத்தது, வைத்த கையோடு கழன்றும் போனது. நடுவில் ஒரு வரி: 'பிஆர்எல்டிடிஒய்' என்று ஒருத்தன் உள்ளே புகுந்து இணைப்பைப் பிடித்துக்கொள்கிறான். ஆங்கிலத்தில் எழுதினால் உயிரெழுத்தே இல்லாத பேர். நான் ஏற்றியதும் இல்லை, கேட்டதும் இல்லை.

தேடிப் பார்த்தால், பார்வையற்றவர்கள் விரலால் தடவிப் படிக்கிற பிரெய்ல் கருவிக்கான சர்வீஸ் அது. உபுண்டு டெஸ்க்டாப்போடு கூடவே வருகிறது. எங்கள் தராசுக் கேபிளில் இருப்பது மலிவான சிஎச்340 சிப். அதன் யுஎஸ்பி எண் 1ஏ86:7523. ஒரு பிரெய்ல் கருவிக்கும் இதே எண். கருவியைச் செருகியதும் என்ன செய்வதென்று தீர்மானிப்பது யூடெவ்; 22.04-இல் உள்ள அதன் விதி எண்ணைப் பார்த்ததும் 'நம்ம ஆளு' என்று சர்வீஸை எழுப்பிவிடுகிறது. ஒரே தெருவில் ரெண்டு இசக்கிமுத்து இருந்தால் தபால்காரர் என்ன செய்வார்!

சரி என்று, சர்வீஸ்களை ஆட்டிவைக்கிற சிஸ்டம்கன்ட்ரோல் கட்டளையில் ஸ்டாப், டிஸேபிள் இரண்டும் கொடுத்தேன். கேபிளைக் கழற்றி மாட்டினேன். மறுபடி வந்து உட்கார்ந்திருக்கிறான்! டிஸேபிள் என்றால் மெஷின் எழும்போது நீயாக எழாதே என்று மட்டும்தான் பொருள். வேறு யாராவது கூப்பிட்டால் எழுந்து வருவான். இங்கே கூப்பிடுவது யூடெவ், அதுவும் 'பிஆர்எல்டிடிஒய்-யூடெவ்' என்கிற இன்னொரு யூனிட் (சர்வீஸ் மாதிரி ஒன்று) வழியாக. நான் வாசலைப் பூட்டிவிட்டு மச்சு வழியை மறந்திருக்கிறேன்.

அந்த யூனிட்டுக்கு மாஸ்க் கொடுத்தேன். மாஸ்க் என்பது வேறொன்றுமில்லை, எட்சி என்கிற அமைப்புக் கோப்புறைக்குள் அந்த யூனிட் பெயரில் ஒரு இணைப்பை உண்டாக்கி, ஒன்றுமே இல்லாத டெவ்நல்லுக்குத் திருப்பிவிடுகிறது. யார் கூப்பிட்டாலும் வெறும் பள்ளம். கேபிளை மாட்டினேன்; டிடிஒய்யுஎஸ்பி0 வந்தது, போகவில்லை. அண்ணாச்சி பிரண்டை அப்பளப் பொட்டலத்தை வைத்தார். பில்லில் 0.250.

"அதை அடியோட அழிச்சிர வேண்டியதுதான?" என்றார்.

ஆப்ட் ரிமூவ் கொடுத்தால் ஒரு நிமிஷ வேலை, பல பேர் அப்படித்தான் சொல்கிறார்கள். எனக்கு மனசு வரவில்லை. பாளையங்கோட்டை பார்வையற்றோர் பள்ளியில் படித்தவர் ஒருவர் எனக்குப் பழக்கம். அவர் மெஷினில் தராசு வேலை செய்யாவிட்டால் குடி முழுகாது, இது இல்லாவிட்டால் முழுகும். மாஸ்க்கை அன்மாஸ்க் செய்ய ஒரு வரி போதும். அந்த வரியை ஒரு துண்டுச்சீட்டில் எழுதி சிபியு பக்கத்தில் ஒட்டினேன்.

கூலி கேட்கவில்லை. கெடுத்தவனே நான்தானே. அண்ணாச்சியும் கொடுக்கவில்லை. ரெண்டு கட்டு உளுந்தப்பளம் மட்டும் பையில் போட்டார், எடை போட்டு, பில் அடித்து.